மொய் எழுதியவரே பையை வைத்துக்கொண்டால்?

கேள்வி:

ஐயா, நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு மில்லில் கணக்கு வேலை பார்க்கிறேன். என் தம்பிக்கு 27 வயது. அவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு 18 லட்சம் ஆகும் என்று சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஆன்லைனில் நிதி திரட்டித் தரும் ஒரு நிறுவனத்தில் பிப்ரவரியில் கேம்பெயின் தொடங்கினோம். 13,80,000 ரூபாய் சேர்ந்தது. அதில் 5 லட்சத்தை நேராக மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். விளம்பரச் செலவு, கேட்வே கட்டணம், ஜி.எஸ்.டி. என்று 1,10,000 பிடித்துக்கொண்டார்கள். மீதி 7,70,000 டேஷ்போர்டில் தெரிகிறது, ஆனால் வரவில்லை. ஏப்ரலில் கேட்டபோது "உங்கள் மேல் ஒரு புகார், வெரிஃபிகேஷன் நடக்கிறது" என்றார்கள். கேட்ட காகிதங்களை நான்கு முறை அனுப்பினேன். மே மாதம் சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டதால் நகையை அடகு வைத்து 4,60,000, வீட்டுப் பத்திரத்தை வைத்து 3,80,000, சொந்தக்காரர்களிடம் 3 லட்சம் புரட்டிக் கட்டினோம். மொத்த பில் 16,40,000. தம்பி ஜூனில் வீடு திரும்பினான். அக்டோபரில் ஒரு மெயில் வந்தது: "சிகிச்சை முடிந்துவிட்டதால் மீதித் தொகை விதிமுறைப்படி வேறு நோயாளிகளுக்கு ஒதுக்கப்படும்." அதில் 1,35,000 வெளிநாட்டுப் பணம், அதைத் தரவே முடியாதாம். நிறுவனம் வேறு மாநிலத்தில் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிட்டார்கள். மாமா மகன் வீடியோ போடலாம் என்கிறான். இந்தப் பணம் எங்களுக்குச் சேருமா? எங்கே போய்க் கேட்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி வீடு திரும்பிவிட்டார் என்பது முதல் நல்ல செய்தி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

உங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் மேசை போட்டு ஒருவர் மொய் எழுதுகிறார். பெயர், ஊர், தொகை எழுதிப் பணத்தைப் பையில் போடுகிறார். பந்தி முடிந்ததும் நோட்டையும் பையையும் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான் அவர் வேலை. "கல்யாணம்தான் முடிந்துவிட்டதே, பக்கத்து ஊரில் ஒரு ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணம், இதை அங்கே கொடுத்துவிடுகிறேன்" என்று அவர் சொன்னால் என்ன நடக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எவ்வளவு நல்ல காரியமானாலும் அது அவர் பணமில்லை.

ஆனால் இந்த உவமை பாதி வழிதான் வரும். மொய்ப் பணத்தை வீட்டுக்காரர் என்ன செய்தாலும் யாரும் கேட்க முடியாது. உங்களுக்கு வந்தது அப்படிப்பட்ட பணமில்லை. முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் "இவருடைய மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு" என்று நம்பிப் போட்டது. அந்தக் காரியத்தோடு கட்டிப்போட்ட பணம். "எங்கள் பணத்தைக் கொடு" என்று கேட்டீர்களானால், "உங்கள் பணம் என்று யார் சொன்னது?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் திருப்பிக் கேட்பார், அது நியாயமான கேள்வியாகவும் இருக்கும். நீங்கள் கேட்கவேண்டியது வேறு: "எந்தச் செலவுக்காக ஊரார் கொடுத்தார்களோ அந்தச் செலவு நடந்து முடிந்தது. நீங்கள் நேரத்துக்கு அனுப்பாததால் நாங்கள் கடன் வாங்கி அதைக் கட்டினோம். கட்டியதற்கு ரசீது இருக்கிறது. அந்தத் தொகையை ஈடுகட்டுங்கள்." வழக்கு இந்த வாக்கியங்களில்தான் இருக்கிறது. நோட்டீஸில், புகாரில், நுகர்வோர் ஆணையத்தில் வாய்மொழியாகச் சொல்லும்போதும் இதிலிருந்து விலகாதீர்கள்.

கணக்கும் உங்கள் பக்கம்தான். பில் 16,40,000. அவர்கள் கட்டியது 5,00,000. உங்கள் குடும்பம் கட்டியது 11,40,000. அவர்கள் கையில் நிற்பது 7,70,000. முழுவதையும் இன்றைக்கே கொடுத்தாலும் உங்களுக்கு இன்னும் 3,70,000 துண்டு விழுகிறது. ஆகவே அவர்கள் மெயிலில் வரும் "மீதித் தொகை" என்ற சொல்லே பொருந்தாது. செலவு முழுவதும் அடைந்த பிறகு நிற்பதுதான் மீதி.

"சிகிச்சை முடிந்துவிட்டது" என்பதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மஜ்ஜை மாற்று சிகிச்சையில் டிஸ்சார்ஜ் என்பது முடிவல்ல என்று உங்களுக்கே தெரியும். இன்னொருவர் கொடுத்த மஜ்ஜை என்றால் நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை பல மாதங்களுக்கு உண்டு. அடிக்கடி ரத்தப் பரிசோதனை, கிருமித் தொற்றுக்கு எதிரான மருந்துகள், பிறகு சின்னக் குழந்தைக்குப் போடுவதுபோல் தடுப்பூசிகளை மறுபடி போடவேண்டிய நிலை. சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் லெட்டர்ஹெட்டில் நாலு வரி வாங்குங்கள்: இன்ன தேதியில் மாற்று சிகிச்சை நடந்தது, தொடர் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது, மாதம் சுமார் இவ்வளவு செலவாகும். இந்தக் காகிதத்துக்கு உங்கள் வழக்கில் பெரிய வேலை இருக்கிறது.

இப்போது அந்த விதிமுறைக்கு வருவோம். சேரும் பணத்தை வேறு நோயாளிக்கு மாற்றும் உரிமையை நிறுவனம் தனக்கு எழுதிவைத்துக்கொண்டிருக்கிறது, நீங்களும் படிக்காமல் "ஏற்கிறேன்" என்று தட்டியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் தட்டுகிறேன், அதற்காக வருந்தவேண்டாம். பல வக்கீல்கள் இங்கே "இது நேர்மையற்ற ஒப்பந்தம், இந்த விதியே செல்லாது" என்று தொடங்கிவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற ஒப்பந்தத்தை எதிர்க்கும் புகாரை மாநில ஆணையமும் தேசிய ஆணையமும்தான் விசாரிக்கலாம், மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. அந்த வழியில் போனால் திண்டுக்கல்லில் முடியவேண்டியதை மாநில ஆணையத்துக்கு இழுத்துக்கொண்டு போவீர்கள். விதி இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் விஷயத்தில் அது பொருந்தாது என்று சொன்னால் போதும். சிகிச்சைச் செலவு அடைந்து மிச்சம் நிற்கும்போதுதான் அந்த விதிக்கு வேலை. இங்கே மிச்சமே இல்லை. கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் இழுத்தடித்தது சேவைக் குறைபாடு, அதை மாவட்ட ஆணையம் தாராளமாக விசாரிக்கலாம்.

என் கண் நின்ற வரி இதுதான்: "வீட்டுப் பத்திரத்தை வைத்து 3,80,000." உங்கள் கேம்பெயின் பக்கத்தை எடுத்து மறுபடி படித்துப் பாருங்கள். "சொத்து என்று எதுவும் இல்லை", "எல்லாவற்றையும் விற்றுவிட்டோம்" என்கிற மாதிரி ஏதாவது எழுதியிருக்கிறதா? இந்த நிறுவனங்களில் கதையை எழுதுவது பெரும்பாலும் அவர்கள் ஆட்கள்தான். போனில் பத்து நிமிடம் பேசுவார்கள், கண்ணீர் வரும்படி எழுதிப் போட்டுவிடுவார்கள், குடும்பம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு "சரி சார்" என்று சொல்லியிருக்கும். உங்கள் மேல் வந்த புகார் என்னவென்று அவர்கள் சொல்லவில்லை. என் ஊகம், "இவர்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது" என்று யாரோ எழுதியிருக்கலாம். ஊர்க்காரரோ, உறவினரோ.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம். அப்படி ஒரு வரி பக்கத்தில் இருந்தால், அவர்கள் அதை எடுத்து வைப்பதற்கு முன்னால் நீங்களே எடுத்து வையுங்கள். "எங்களுக்கு இத்தனை சென்ட்டில் ஒரு வீடு இருக்கிறது. கதையை எழுதியவர் உங்கள் ஊழியர். அவரிடம் வீடு இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த வீட்டையும் இன்ன தேதியில் அடமானம் வைத்துத்தான் பில் கட்டினோம்" என்று எழுதுங்கள். அந்த ஊழியரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலில் கதை எப்படி உருவானது என்பது தெரிந்தால் அதை அப்படியே பாதுகாத்து வையுங்கள். ஒருவேளை நீங்களே அப்படிச் சொல்லியிருந்தால், அதையும் மறைக்காமல் உங்கள் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குடியிருக்கும் ஒரு வீடு இருப்பதால் 18 லட்சம் சிகிச்சைக்கு உதவி கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மறைத்தது தெரியவந்தால் மட்டும் உண்மையான பில்லையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

நிறுவனத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. 2017 கடைசியில் அமெரிக்காவில், வழியில் பெட்ரோல் தீர்ந்து நின்ற நியூ ஜெர்சிப் பெண் ஒருவருக்கு வீடற்ற ஒருவர் தன் கடைசி 20 டாலரைக் கொடுத்து உதவினார் என்று ஒரு கதை கிளம்பியது. சுமார் 14,000 பேர் 4 லட்சம் டாலருக்கு மேல் கொட்டிக்கொடுத்தார்கள். பிறகு பார்த்தால் அந்தப் பெண், அவருடைய காதலர், வீடற்றவர் மூவரும் சேர்ந்து கட்டிய கதை. நிதி திரட்டிய தளம் கொடுத்தவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பித் தரவேண்டியதாயிற்று. ஆகவே புகார் வந்தால் நிறுத்திவைத்து விசாரிப்பது தவறில்லை. புகார் என்ன என்று சொல்லாமல், கேட்ட காகிதத்தையே மறுபடி மறுபடி கேட்டு, சிகிச்சைத் தேதி தாண்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் அந்தத் தாமதத்தையே காரணமாகக் காட்டி "முடிந்துவிட்டது" என்பதுதான் தவறு. உங்கள் புகாரிலும் இந்த வித்தியாசம் தெரியட்டும். "மோசடிக்காரர்கள்" என்று எழுதுவதைவிட இது வலுவானது.

இனி வேலை. இன்று இரவே டேஷ்போர்டை முழுதாகப் படம் பிடியுங்கள். சேர்ந்த தொகை, பிடித்தம், மீதி, கொடுத்தவர் பட்டியல், கேம்பெயின் பக்கம், நீங்கள் போட்ட வித்ட்ராயல் கோரிக்கைகள், டிக்கெட் நம்பர்கள் எல்லாம் தேதி தெரியும்படி வேண்டும். நாளைக்கு உங்கள் லாகின் வேலை செய்யாமல் போகலாம், எனக்கு அனுபவம் உண்டு. இந்தப் படங்களைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவு கேட்கும், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழை இணைக்கவேண்டும். பழைய ஆட்கள் இன்னும் 65பி என்றே சொல்வார்கள், அதன் இடத்தில் வந்ததுதான் இது.

அடுத்து மருத்துவமனை பில்லிங் பிரிவில் தம்பியின் பெயரில் உள்ள முழுக் கணக்கையும், யார் எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினார்கள் என்ற விவரத்தோடு, முத்திரை போட்டு வாங்குங்கள். நிறுவனம் அனுப்பியதாகச் சொல்லும் 5 லட்சம் உண்மையிலேயே அங்கே வரவாகியிருக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். ஒரு காசு குறைந்தாலும் அந்தப் பரிவர்த்தனையின் யு.டி.ஆர். எண்ணை (வங்கிப் பரிமாற்றத்தின் அடையாள எண்) நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

யார் மேல் வழக்கு என்பதில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். இணையத்தில் தெரியும் பெயர் ஒரு பிராண்டாக இருக்கலாம். பின்னால் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி இருக்கும். பல நேரம் கூடவே ஓர் அறக்கட்டளையும் இருக்கும். பணம் யார் கணக்கில் விழுந்தது என்று பார்க்க எளிய வழி, பணம் போட்ட ஒருவரின் ரசீதைக் கேட்டு வாங்குவது. அதில் 80ஜி வரிவிலக்கு எண் இருந்தால் பணம் அறக்கட்டளைக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். "இது எங்களுக்குக் கொடுத்த நன்கொடை, யாருக்குக் கொடுப்பது என்பது எங்கள் விருப்பம்" என்று அப்போது சொல்லப் பார்ப்பார்கள். அதற்குப் பதில், கொடுத்தவர் பார்த்த பக்கத்தில் உங்கள் தம்பியின் பெயரும் படமும் எஸ்டிமேட்டும்தான் இருந்தன என்பது. கம்பெனியின் பதிவு அலுவலக முகவரி கம்பெனிகள் விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கம்பெனி, அறக்கட்டளை இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஒன்று மற்றதைக் கைகாட்டித் தப்பிக்கும் வழி அடைபடும்.

பிறகு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு ஒரு கடிதம். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்கவேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். மெயிலில் அனுப்புங்கள், அதையே அச்செடுத்துப் பதிவு அலுவலகத்துக்கு சேர்ந்ததற்கான சான்று கேட்டு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். மேலே சொன்ன கணக்கு, மருத்துவர் கடிதம், ரசீதுகள், எங்கள் மேல் வந்த புகாரின் நகலைக் கொடுங்கள் என்ற கோரிக்கை, வழக்கு முடியும்வரை 7,70,000-ஐ வேறு யாருக்கும் மாற்றக்கூடாது என்ற எச்சரிக்கை. கடைசியாகச் சொன்னதுதான் அவசரம்.

கொடுத்தவர்களை மறந்துவிடாதீர்கள். இந்த வழக்கில் உங்களுக்கு அவர்களைவிடப் பெரிய சாட்சி இல்லை. பெரிய தொகை போட்டவர்களில், உங்களுக்குத் தொடர்பு கிடைக்கிற பத்துப் பதினைந்து பேரிடம், "நான் இந்தச் சிகிச்சைக்காகக் கொடுத்தேன். குடும்பம் கடன் வாங்கிக் கட்டிய செலவை இதிலிருந்து ஈடுகட்ட எனக்குச் சம்மதம். வேறு யாருக்கும் மாற்றச் சம்மதமில்லை" என்று நிறுவனத்துக்கு அவர்கள் மெயிலிலிருந்தே எழுதச் சொல்லுங்கள், உங்களுக்கும் ஒரு நகல் வரட்டும். ஆனால் யாரும் கோபத்தில் வங்கியிடம் போய் "என் பணத்தைத் திருப்பு" என்று சார்ஜ்பேக் போட்டுவிடக் கூடாது. அப்படிப் போட்டால் உங்கள் கேம்பெயின் சந்தேகத்துக்குரியது என்ற கோப்புக்கு அதுவே ஆதாரமாகிவிடும்.

இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவுசெய்யுங்கள். தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கும் நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கிவருவதும் உண்டு. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகச் சொல்லி யாராவது யோசனை சொல்லலாம். அது வங்கிகளையும் அதுபோன்று ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களையும் பற்றிய புகாருக்கு. சிகிச்சைக்கு நன்கொடை திரட்டும் தளங்களுக்கு என்று நம் நாட்டில் தனி ஒழுங்குமுறை அமைப்பு கிடையாது. சிங்கப்பூரில் 2018-லேயே இவற்றுக்கு நடத்தை நெறிகள் வந்துவிட்டன. இங்கே நுகர்வோர் சட்டத்தைப் பிடித்துத்தான் போகவேண்டும்.

ஒரு மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லையென்றால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வெளிமாநிலத்துக்கு ஓடவேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் போடலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய வசதி. அவர்கள் விதிமுறையில் "எங்கள் ஊர் நீதிமன்றம் மட்டுமே", "நடுவர் மன்றத்துக்குத்தான் போகவேண்டும்" என்றெல்லாம் இருக்கும். நடுவர் விதி இருப்பதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடாது என்று உச்ச நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொல்லிவிட்டது, 2023-லும் சொன்னது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

கட்டணமா? ஆணையத்தின் எல்லையும் கட்டணமும் நீங்கள் சேவைக்குக் கொடுத்த விலையை வைத்துக் கணக்கிடப்படும். நீங்கள் கேட்கும் தொகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்களிடம் பிடித்தது 1,10,000. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. இதே வழக்கை சிவில் கோர்ட்டில் போட்டால் தமிழ்நாட்டில் தொகையில் 3 சதவீதம், அதாவது 23,100 ரூபாய் நீதிமன்றக் கட்டணம். அங்கே ஊர் எல்லை விதியும் உங்களுக்கு எதிராக நிற்கும்.

அந்த 1,10,000 இன்னொரு விதத்திலும் உங்களுக்குத் துணை. இலவசமாகக் கிடைக்கும் சேவைக்கு நுகர்வோர் சட்டம் இல்லை. "நாங்கள் கமிஷனே வாங்குவதில்லை, கொடுப்பவர்கள் விரும்பினால் டிப்ஸ் தருவார்கள்" என்று இந்த நிறுவனங்கள் வாதாடுவதுண்டு. உங்களிடம் விளம்பரக் கட்டணம் என்று ஜி.எஸ்.டி. போட்டுப் பிடித்திருக்கிறார்களே! அந்த இன்வாய்ஸ் கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி. போட்டுவிட்டு "நாங்கள் சேவை விற்கவில்லை" என்று அவர்கள் சொல்லமுடியாது.

புகாரோடு சேர்த்தே ஓர் இடைக்கால மனு போடுங்கள். நுகர்வோர் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி, வழக்கு நடக்கும்போது நியாயம் என்று தோன்றும் இடைக்கால உத்தரவைப் பிறப்பிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 7,70,000-ஐ வேறு நோயாளிகளுக்கு ஒதுக்கத் தடை கேளுங்கள். அந்தப் பணம் இன்னொரு ஏழையின் டயாலிசிஸுக்குப் போய்விட்டதென்றால் பிறகு அதை யாரிடமிருந்து பிடுங்குவது? நிறுவனம் நொடித்துப்போய் திவால் நடவடிக்கை தொடங்கினால் நிலைமை இன்னும் சிக்கல், அதன் மேலுள்ள வழக்குகள் எல்லாம் நின்றுவிடும். "இது உங்கள் சொத்தல்ல, எங்களுக்காக வைத்திருக்கும் பணம்" என்பதை இன்றே எழுத்தில் பதிவுசெய்து வைப்பது அதற்கும் ஒரு காப்பு.

கேட்கும் பரிகாரம்: தொகை, அதற்கு ஏப்ரலிலிருந்து 9 சதவீத வட்டி (குறைத்தும் கொடுப்பார்கள்), மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. இதைவிட நகைக்கடன் அட்டையையும் அடமானப் பத்திரத்தையும் வைத்து நீங்கள் உண்மையில் கட்டிய வட்டியைக் கணக்குப் போட்டுக் கேட்பது நல்லது. நீங்கள் கணக்கு வேலை பார்ப்பவர், ஒரு அட்டவணை போடுவது உங்களுக்கு அரை மணி நேர வேலை. சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. நடைமுறையில் ஒரு வருடத்துக்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். ஆனால் நோட்டீஸ் கிடைத்து 30 நாள், மிஞ்சினால் 15 நாள் கூடுதல், அதற்குள் எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்யாவிட்டால் அந்த உரிமை போய்விடும் என்று 2020-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதியாகச் சொல்லிவிட்டது. உங்களுக்கான காலக்கெடு இரண்டு ஆண்டு. அதை அக்டோபர் மெயிலிலிருந்து எண்ணாமல், பணத்தை நிறுத்திய ஏப்ரலிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

வக்கீல் பீஸுக்கு மறுபடி நகையை அடகு வைக்கவேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் வக்கீல் நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

போலீஸ் சொன்னதில் பாதி சரி. பணம் இன்னும் டேஷ்போர்டில் காட்டப்பட்டு, மெயிலில் காரணமும் சொல்லியிருக்கும்வரை இதை நம்பிக்கை மோசடி என்று நிறுவுவது கடினம். மருத்துவமனைக் கணக்கில் அந்த 5 லட்சம் வரவாகவில்லை என்றோ, தடை உத்தரவை மீறி மாற்றினார்கள் என்றோ தெரிந்தால் அப்போது கதை வேறு. மாமா மகனின் வீடியோவையும் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். நடந்ததைத் தேதியோடும் தொகையோடும் சொல்வதில் தப்பில்லை. ஆனால் வீடியோவில் யாரும் தேதியோடு நிறுத்துவதில்லை, "திருட்டுக் கும்பல்" என்று ஒரு வார்த்தை விழும், அவதூறு நோட்டீஸ் வரும், பிறகு உங்கள் வழக்கோடு அதையும் தூக்கிச் சுமக்கவேண்டும்.

வெளிநாட்டுப் பணம் 1,35,000. இதை முழுதாக விட்டுவிடாதீர்கள், முழுதாகப் பிடித்துத் தொங்கவும் வேண்டாம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் பார்ப்பது கொடுத்தவரின் குடியுரிமையை. பணம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது அதற்குப் பிறகுதான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் திண்டுக்கல்காரர் இந்திய பாஸ்போர்ட்டே வைத்திருந்தால், தன் சம்பாத்தியத்தில் வங்கி வழியாகக் கொடுத்தது வெளிநாட்டு நன்கொடையே அல்ல. அப்படிப்பட்டவர்களிடம் ஒரு சுய அறிவிப்பும் பாஸ்போர்ட் முதல் பக்க நகலும் வாங்கி அந்தப் பங்கைக் கேளுங்கள். சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றவர்கள் கொடுத்ததில் நிறுவனத்தின் தயக்கம் நியாயமானது. அதை மட்டும் கொடுத்தவர்களுக்கே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு, பெரிய தொகையில் கவனத்தை வையுங்கள்.

நோட்டீஸ் போனதும் சமரசத்துக்குக் கூப்பிடுவார்கள் என்றே நினைக்கிறேன். ஐந்து, ஐந்தரை லட்சம் என்று ஒரு தொகை வரலாம். வாங்கலாமா என்பதை உங்கள் அடமான வட்டி ஓடும் வேகத்தை வைத்து நீங்கள்தான் முடிவுசெய்யவேண்டும், அதில் நான் வீரம் பேசமாட்டேன். ஆனால் கையெழுத்துப் போடும் காகிதத்தில் "கேம்பெயினில் தவறான தகவல் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறேன்" என்பதுபோல் ஒரு வரி இருந்தால் எவ்வளவு பணம் என்றாலும் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் எந்த வழியில் வந்தாலும் வந்த அன்றே, எந்தக் கடனை அடைத்தோம் என்று ரசீதோடு கொடுத்தவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். வேறு யாரும் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. உறவினரல்லாதவர்களிடமிருந்து ஆண்டுக்கு 50,000-க்கு மேல் இலவசமாக வரும் பணம் வருமான வரிக் கேள்விக்கு உட்படும் என்பதால், ஈட்டுத்தொகை யார் வங்கிக் கணக்கில் வரவேண்டும் என்பதை முன்கூட்டியே ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோப்பு ஒன்றே இருக்கட்டும், தேதி வரிசையில். சட்டப்பணிகள் அலுவலகத்துக்குப் போகும்போது அசலைக் கையில் வைத்துக்கொண்டு நகல்களை மட்டும் கொடுங்கள். தம்பிக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது? அந்த ரசீதையும் அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.